அபவாதமும் சான்றும்: ‘கமலாம்பாள் சரித்திர’த்தை மாணவர்க்கு அறிமுகப்படுத்துதல் குறித்து

ஆய்வுச்சுருக்கம்

பி.ஆர். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தமிழ் வகுப்புகளில் பெரும்பாலும் வரலாற்றுச் செய்தியாகவும் கதைச்சுருக்கமாகவுமே அறிமுகமாகிறது. இதனால் மாணவர் விடைகளில் நாவலைப் பற்றிய முடிவுகள் இடம்பெறுகின்றன. அம்முடிவுகளுக்கு நாவலிலிருந்து எடுத்த சான்று இடம்பெறுவதில்லை. ஆராயாமல் நம்பப்பட்ட ஒரு பழிச்சொல் ஒரு குடும்பத்தைக் கலைப்பது இந்நாவலின் மைய நிகழ்ச்சி. எனவே பனுவல் சான்று என்னும் கருத்தை இந்நாவலைக் கொண்டே கற்பிக்க முடியும் என்று இக்கட்டுரை வாதிடுகிறது. மணிமேகலை எடுத்துரைக்கும் அளவைகளுள் சிலவற்றை வகுப்பறைக் கருவியாகக் கொண்டு நாவலின் தொடக்கப் பகுதி, வம்பர் மகாசபை, முத்துஸ்வாமி ஐயரின் துறவு, நூலிறுதியில் ஆசிரியர் கூறும் நோக்கம் ஆகியவை ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ராஜமையர், கமலாம்பாள் சரித்திரம், பனுவல் சான்று, அபவாதம், ஐதிகம், நாவல் கற்பித்தல்

முன்னுரை

‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடராக வெளிவந்து 1896இல் நூலாயிற்று. தொடரை எழுதத் தொடங்கியபோது வத்தலக்குண்டைச் சேர்ந்த ராஜமையருக்கு வயது ஏறத்தாழ இருபத்தொன்று. 1898இல் அவர் மறைந்தார். தமிழ் நாவல் வரலாற்றில் 1879இல் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திர’த்திற்கு அடுத்து வைத்துப் பேசப்படும் நூல் இது. இந்தச் செய்திகளை எந்த மாணவரும் பிழையின்றிச் சொல்வார். இவற்றை முதலில் சொல்லித்தான் நானும் ஓர் இளங்கலை வகுப்பில் இந்நாவலை அறிமுகப்படுத்தினேன். பிறகு கதைச்சுருக்கம், பிறகு பாத்திரங்கள், பிறகு ‘நாவல் உணர்த்தும் கருத்துகள்’. நான் படித்த காலத்தில் எனக்கும் இப்படித்தான் கற்பிக்கப்பட்டது.

பருவத் தேர்வுக்கு முந்தைய பயிற்சி விடைகளைத் திருத்தியபோது ஒன்று புலப்பட்டது. விடைகள் தவறாக இல்லை. கூட்டுக்குடும்பச் சிதைவு, பெண்களின் பொறாமை, வேதாந்த நோக்கு என்னும் மூன்று முடிவுகள் ஏறத்தாழ எல்லாத் தாள்களிலும் ஒரே வரிசையில், ஒரே சொற்களில் இருந்தன. அடுத்த வகுப்பில் ஒரு மாணவியிடம், பெண்களின் பொறாமையே குடும்பத்தைக் குலைத்தது என்பதை நாவலின் எப்பகுதி காட்டுகிறது என்று கேட்டேன். அவர் சற்றுத் தயங்கிவிட்டு, “எல்லாப் புத்தகத்துலயும் அப்படித்தான் மேடம் போட்டிருக்கு” என்றார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகலைத் தேர்வில் ஏறக்குறைய அதே தொடரை எழுதி நான் நல்ல மதிப்பெண் பெற்றிருக்கிறேன்.

அந்த விடை இந்நாவலுக்கு மிகவும் பொருத்தமான விடை என்பது பிறகுதான் விளங்கியது. நாவலின் முழுத் தலைப்பு ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்பதாகும். ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் இதனை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது தலைப்பின் முற்பகுதியைத்தான் எடுத்துக்கொண்டார். நம் வகுப்பறைகளிலோ அந்த முற்பகுதி பெரும்பாலும் உச்சரிக்கப்படுவதேயில்லை. எல்லாரும் சொல்கிறார்கள் என்பதற்காக ஒன்றை நம்புவதன் விளைவைப் பேசும் நாவலை, எல்லாரும் சொல்கிறார்கள் என்பதற்காக ஏற்கப்பட்ட தொடர்களைக் கொண்டு கற்பித்துவருகிறோம்.

என் பிழை ஒன்று

மாணவரைக் குறை சொல்லும் முன் என் ஆய்வுத் திட்டவரைவில் நேர்ந்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்ற தமிழாசிரியர் பாத்திரம் பழந்தமிழ்க் கல்விமுறையை இகழ்வதற்காகப் படைக்கப்பட்டது என்று எழுதியிருந்தேன். அதற்கு அடிக்குறிப்பாக ஒரு திறனாய்வு நூலையும் காட்டியிருந்தேன். வரைவைப் படித்த என் நெறியாளர் ஓரத்தில் ஒரே ஒரு சொல்லை எழுதித் திருப்பினார்: “எங்கே?”

அடிக்குறிப்பு இருக்கும்போது இக்கேள்வி எதற்கு என்று முதலில் தோன்றியது. அடிக்குறிப்பு இன்னொருவர் அப்படிக் கருதினார் என்பதற்குச் சான்று. நாவல் அப்படி இருக்கிறது என்பதற்குச் சான்றன்று. அம்மையப்ப பிள்ளை வரும் பகுதிகள் அனைத்தையும் மீண்டும் படித்தேன். எண்ணற்ற செய்யுள்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டு உலகியலில் தடுமாறும் அம்மனிதரைப் பார்த்து நாவல் சிரிக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அச்சிரிப்பில் வெறுப்பு இருப்பதாகக் காட்ட ஓரிடமும் எனக்குக் கிடைக்கவில்லை. அவர் மேடைக்கு வரும்போதெல்லாம் கதைசொல்லியின் குரலில் உற்சாகம் கூடுகிறது. நாவலாசிரியரோ கம்பரிலும் தாயுமானவரிலும் தோய்ந்தவர். பொருள் உணராத மனப்பாடத்தை நகைப்பதும் பழந்தமிழ்ப் புலமையை இகழ்வதும் வேறு வேறு என்பதை அப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். வரைவிலிருந்த தொடரை நீக்கினேன். அத்தொடரை எடுத்துத் தந்த நூலைத் திரும்பப் பார்த்தபோது அங்கும் நாவலிலிருந்து எந்த இடமும் காட்டப்பட்டிருக்கவில்லை. அதற்கும் ஓர் அடிக்குறிப்பு இருந்தது.

நான்கு அளவைகள்

சான்று காட்டுதல் மேலைத் திறனாய்வு நமக்குக் கொடுத்த பழக்கம் என்ற எண்ணம் மாணவரிடையே இருக்கிறது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் விதிகளுக்கு இலக்கியத்திலிருந்து இடம் எடுத்துக்காட்டினர் என்பதை நினைவூட்டினாலே போதும், அவ்வெண்ணம் அகன்றுவிடும். வகுப்பறைப் பயன்பாட்டுக்கு உரைமரபைவிட எளிதாக அமைந்தது மணிமேகலை. ‘சமயக்கணக்கர்தம் திறம் கேட்ட காதை’யில் அளவைவாதி பத்து அளவைகளை எடுத்துரைக்கிறான். அவற்றுள் காட்சி, கருதல், ஆகமம், ஐதிகம் ஆகிய நான்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். தத்துவ நோக்கில் அவற்றுக்குள்ள முழுப்பொருளை இங்குக் கொள்ளவில்லை. திறனாய்வுக்கு ஏற்பச் சுருக்கியே கையாள்கிறேன் என்பதைச் சொல்லிவிடுவது முறை.

நாவலின் சொற்களிலேயே இருப்பது காட்சி. அச்சொற்களிலிருந்து வாசிப்பவர் பெறுவது கருதல். ஆசிரியரோ மதிக்கத்தக்க திறனாய்வாளரோ சொல்வது, ஆகமத்தின் இடத்தில் வைக்கத்தக்க உரை. ஐதிகத்திற்கு மணிமேகலை தரும் எடுத்துக்காட்டு மாணவரிடம் உடனே சென்று சேர்ந்தது. இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று உலகத்தார் வழிவழியாகச் சொல்லிவருவதைக் கொண்டு, இருக்கிறது என்றே தெளிவது ஐதிகம். பேயை முதலில் பார்த்தவர் யார் என்பது அங்குக் கேள்வியாவதில்லை. வழிகாட்டி நூல்களின் தொடர்களில் எவை உரை, எவை ஐதிகம் என்று பிரிக்கச் சொன்னபோது, முன்பு பதில் சொல்லத் தயங்கிய மாணவியே பென்சிலுடன் முதலில் அமர்ந்தார்.

அதே காதையில் அளவைப் போலிகள் எட்டும் பட்டியலிடப்படுகின்றன. அவற்றுள் ஒன்றன் பெயர் ‘தேராது தெளிதல்’. ஆராயாமலேயே முடிவுக்கு வந்துவிடுதல் என்பது பொருள். முத்துஸ்வாமி ஐயரின் பிழைக்கும் நம் விடைத்தாள்களின் பிழைக்கும் இதைவிடப் பொருந்தும் பெயர் எனக்குத் தெரியவில்லை.

தொடக்கப் பகுதியிலிருந்து தொடங்குதல்

இரண்டாம் முறை இந்நாவலைக் கற்பிக்கும் வாய்ப்பு வந்தபோது ஆசிரியர் வரலாற்றையும் கதைச்சுருக்கத்தையும் பின்னுக்குத் தள்ளினேன். நூலின் பெயரை மட்டும் சொல்லி, சிறுகுளம் கிராமத்தையும் முத்துஸ்வாமி ஐயரின் இல்லத்தையும் அறிமுகப்படுத்தும் தொடக்க இயலை வகுப்பிலேயே உரக்கப் படிக்கச் செய்தேன். பழைய நடை என்ற அச்சம் மாணவருக்கு இருந்தது. வாய்விட்டுப் படித்தபோது அது பாதி குறைந்தது. கணவன் மனைவி உரையாடல் வந்ததும் அனேகமாக மறைந்தேவிட்டது. நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சு இன்றும் காதில் விழுவதுபோல் இருக்கிறது என்று ஒருவர் சொன்னார். மதுரை வட்டாரத்திலிருந்து வந்த மாணவர்கள் நாவலின் ஜல்லிக்கட்டுப் பகுதியைத் தாமாகவே தேடிப் படித்துவிட்டு வந்து, சி.சு. செல்லப்பாவின் ‘வாடிவாச’லோடு ஒப்பிட்டு ஒரு வகுப்பு நேரத்தையே எடுத்துக்கொண்டார்கள். அதைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை.

தொடக்க உரையாடலைக் கொண்டு ஓர் எளிய பயிற்சி தரப்பட்டது. முத்துஸ்வாமி ஐயர் மனைவிமீது அன்புடையவரா? ஆம் என்றே எல்லாரும் எழுதினர். இம்முறை இடமும் காட்டினர்: மகள் லக்ஷ்மியின் திருமணம் குறித்து மனைவி கவலையோடு பேசும்போது கணவர் விளையாட்டாகப் பதில் சொல்கிறார்; அந்த விளையாட்டில் நெருக்கம் தெரிகிறது. விளையாட்டாகப் பதில் சொல்வது காட்சி. நெருக்கம் என்பது கருதல். இதுவரை சரி. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு மாணவர் அதே இடத்தைக் காட்டி வேறொன்று சொன்னார். மனைவி கவலைப்படுகிறாள், அவர் வேடிக்கை செய்கிறார். அவள் சொல்வதை நேராக எடுத்துக்கொள்வதே அவருக்கு வழக்கமில்லை போலும், பிறகு பழி வந்தபோதும் அவளிடம் கேட்கத் தோன்றாததற்கு விதை இங்கேயே இருக்கிறது என்பது அவர் வாதம்.

இந்த வாசிப்பை நான் எந்தத் திறனாய்விலும் கண்டதில்லை. இதனை முழுமையாக ஏற்கவும் என்னால் இயலவில்லை. அன்றாட இல்லறப் பேச்சின் கேலியைப் பிற்காலத் துயரத்தின் முன்னறிகுறியாக்குவது, முடிவை அறிந்துவிட்டுத் தொடக்கத்தைப் படிப்பதன் விளைவாகவும் இருக்கலாம். ஆயினும் ஒரே காட்சியிலிருந்து இரண்டு கருதல்கள் எழுந்தன. இரண்டையும் எடைபோட மேலும் இடங்கள் தேவைப்பட்டன. அவற்றைத் தேடுவதற்காக மாணவர்கள் நாவலை முழுவதும் படித்தார்கள். கதைச்சுருக்கம் தந்திருந்தால் இது நடந்திராது.

வம்பர் மகாசபை

சிறுகுளத்துப் பெண்கள் கூடி ஊர்ச் செய்தி பேசும் பகுதி, நாவலில் மிகவும் புகழ்பெற்றது. ‘வம்பர் மகாசபை’ என்று அதற்குப் பெயர். மகாசபை என்னும் சொல்லாட்சியே நகைப்பை உண்டாக்குகிறது. 1884இல் சென்னை மகாஜன சபையும் 1885இல் காங்கிரஸும் தோன்றியதை அடுத்த ஆண்டுகளில் எழுதப்பட்ட நாவல் இது. ஆகவே தீர்மானங்கள் நிறைவேற்றும் புதிய பொதுச் சபைகளையும் இப்பெயர் கிண்டல் செய்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. வகுப்பிலும் சொன்னேன். சொல்லிவிட்டு, இது நான் செய்யும் கருதல், நாவலில் நேரடியாக இல்லை என்பதைக் கரும்பலகையில் எழுதவும் செய்தேன். ஆசிரியர் தம் கருதலைக் காட்சியைப் போலச் சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டு அது வழிகாட்டி நூலில் ஏறிவிடும்.

பெண்களின் பொறாமையும் வம்புமே குடும்பத்தைக் குலைத்தன என்ற முடிவுக்கு இப்பகுதியும் பொன்னம்மாள் பாத்திரமுமே ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. பொன்னம்மாளின் பொறாமை நாவலில் வெளிப்படையாக இருக்கிறது. முத்துஸ்வாமி ஐயருக்கும் தம்பி சுப்பிரமணிய ஐயருக்கும் இடையே விரிசல் விழ அது காரணமாகிறது. இதில் மறுப்பதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கமலாம்பாளின் வாழ்வைக் கலைப்பது பேசப்பட்ட சொல்லா, நம்பப்பட்ட சொல்லா? வம்பர் மகாசபையில் எத்தனையோ பேச்சு பேசப்படுகிறது. பேசுபவர்கூட அவற்றை முழுதும் நம்புவதாகத் தோன்றவில்லை. பொழுதுபோக்கு என்ற அளவில் அவை காற்றோடு போகின்றன. கமலாம்பாளைப் பற்றிய பழிச்சொல் அப்படிப் போகாமல் விளைவை உண்டாக்கியதற்குக் காரணம், அதனை ஒருவர் நம்பியதுதான். நம்பியவர் வம்பர் மகாசபையைச் சேர்ந்த பெண்ணல்லர். ஊரில் மதிப்பும் கல்வியும் உடைய முத்துஸ்வாமி ஐயர்.

இதனை முன்வைத்தபோது வகுப்பில் எதிர்ப்பு வந்தது. பொருளிழப்பும் மகன் நடராஜனை இழந்த துயரமும் சேர்ந்து அவர் மனம் முன்னமே உடைந்திருந்தது, அந்நிலையில் எவரும் நம்பியிருப்பார் என்று ஒரு மாணவர் வாதிட்டார். எதிர்ப்பு நியாயமானது, அதற்கு நாவலில் இடமும் உண்டு. துன்பங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதே அந்த நம்பிக்கையை நம்பத்தக்கதாக்குவதற்குத்தான் என்று கொள்ளலாம். அப்படிக் கொண்டாலும் பழியின் பெரும்பகுதி பெண்களின் நாவிலிருந்து விலகிவிடுகிறது என்பதை அம்மாணவரும் ஒப்புக்கொண்டார்.

திருக்குறளில் ‘தெரிந்து தெளிதல்’ அதிகாரத்தின் இறுதிக் குறள் இரண்டு பிழைகளை இணைத்துச் சொல்கிறது. ஒருவனை ஆராயாமல் நம்புவது ஒன்று. ஆராய்ந்து நம்பியவனிடம் பிறகு ஐயம் கொள்வது மற்றொன்று. இரண்டும் தீராத துன்பம் தரும் என்பது அதன் கருத்து. அரசன் வினையாளரைத் தேர்ந்தெடுப்பது பற்றிய அதிகாரம் அது என்றாலும், முத்துஸ்வாமி ஐயரிடம் இரண்டு பிழைகளும் ஒரே செயலில் நிகழ்ந்துவிடுகின்றன. காதில் விழுந்த சொல்லை ஆராயாமல் நம்புகிறார். பல ஆண்டுகள் உடன் வாழ்ந்து அறிந்த மனைவியை ஐயுறுகிறார். வழிகாட்டி நூலை ஆராயாமல் நம்பித் தாமே படித்தறிந்ததை ஐயுறும் மாணவரின் நிலையும் இதற்குத் தொலைவில் இல்லை. தொடக்க இயலைப் படித்துவிட்டு உரக்கச் சிரித்தவர்களே, விடைத்தாளில் நாவலின் நகைச்சுவையைப் பற்றி ஒருவரி எழுதவில்லை; வழிகாட்டியில் அது இல்லை.

வழக்கில்லாத கண்ணகி

சான்று என்றதும் தமிழ் மாணவர் எவருக்கும் நினைவுக்கு வரவேண்டியது சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதை. தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. தேவியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் பாண்டியன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. கோவலன்மீது சாட்டப்பட்ட குற்றத்தைப் பொய்யாக்க, கையில் பிடித்துக் காட்டத்தக்க பொருள் ஒன்று அவளிடம் இருந்தது. பொற்கொல்லன் சொல்லை ஆராயாது ஏற்ற மன்னன் தன் பிழையை உடனே உணர்கிறான்.

மதுரைச் சீமையைச் சேர்ந்த கமலாம்பாளுக்கு வழக்குரைக்க ஓர் அவையே அமையவில்லை. குற்றம் சாட்டியவர் எதிரில் இல்லை. தீர்ப்பளித்தவரும் எதிரில் இல்லை. வீடு திரும்பி மனைவியிடம் ஒரு சொல் கேட்பதற்கு மாறாக முத்துஸ்வாமி ஐயர் உலகத்தையே துறக்கிறார். அவள் கையில் உடைத்துக் காட்டச் சிலம்பும் இல்லை. நடத்தை குறித்த பழிக்கு எதிர்ச்சான்றாகப் பொருள் எதையும் காட்டவும் முடியாது. நெடுநாள் வாழ்ந்த வாழ்க்கைதான் அவளுடைய ஒரே சான்று. அதைக் கண்ட ஒரே சாட்சியோ அதைப் பொருட்படுத்தாமல் போய்விடுகிறார்.

வாசகருக்கு இந்த நெருக்கடி இல்லை. தலைப்பில் உள்ள ‘அபவாதம்’ என்னும் சொல்லே பழி பொய் என்பதை முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. கணவர் அறியாததை முதல் பக்கத்திலேயே அறிந்துகொண்டுதான் நாம் உள்ளே நுழைகிறோம். கமலாம்பாள் குற்றமற்றவளா என்பது ஆகவே நமக்குக் கேள்வியாவதில்லை. அறிந்திருக்க வேண்டியவர் ஏன் அறியவில்லை என்பதே கேள்வியாகிறது. தலைப்பைப் பாதியாக வெட்டிக் கற்பிக்கும்போது இழப்பது இக்கேள்வியைத்தான்.

ஆசிரியரே சொல்லிவிட்ட பிறகு

மேற்கூறிய வாசிப்புக்குப் பெருந்தடையாக நிற்பது நூலிறுதியில் ராஜமையர் தரும் விளக்கம். கதை சொல்வது தம் முதன்மை நோக்கமன்று, அமைதியிழந்த ஓர் ஆன்மா துன்பங்களைக் கடந்து தூய இன்பநிலையை அடைவதை விவரிப்பதே நோக்கம் என்ற பொருள்பட அவர் எழுதுகிறார். வேதாந்த நாவல் என்ற பெயர் இதிலிருந்துதான் நிலைபெற்றது. பிற்காலத்தில் ‘பிரபுத்த பாரத’ இதழின் ஆசிரியராக அவர் பணியாற்றியதும் அப்பெயருக்கு வலுச்சேர்த்தது. ஆசிரியரே சொல்லிவிட்ட பிறகு நாம் என்ன சொல்ல இருக்கிறது என்று மாணவர் கேட்பது இயல்பு.

இது உரை என்னும் அளவை, மதிப்புடைய உரை. ஆனால் எதற்குச் சான்று என்பதில் கவனம் வேண்டும். ஆசிரியர் என்ன எழுத எண்ணினார் என்பதற்கு அது வலிய சான்று. எழுதப்பட்டது என்ன என்பதற்கு நாவலே சான்று. பேயாண்டித் தேவனும் ஜல்லிக்கட்டும் வம்பர் மகாசபையும் அம்மையப்ப பிள்ளையும் ஆன்ம ஈடேற்றத்திற்கு எவ்வகையில் வேண்டப்படுகின்றன? ஒன்று, அவை தேவைக்கு மிகையானவை என்று சொல்ல வேண்டும்; அல்லது ஆசிரியரின் விளக்கம் நாவலின் ஒரு பகுதிக்கே பொருந்துகிறது என்று சொல்ல வேண்டும். இரண்டாவதையே நான் கொள்கிறேன். மேலும், அமைதியிழந்த அந்த ஆன்மா யாருடையது என்ற கேள்வியும் உண்டு. விளக்கம் முத்துஸ்வாமி ஐயருக்கே பொருந்துகிறது. அவ்வாறாயின் கமலாம்பாள் பட்ட துயரம், அவள் பெயரைத் தாங்கிய நாவலில் கணவரின் ஞானத்திற்கு ஒரு படிக்கட்டாகிவிடும். தலைப்பும் முடிவுரையும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதே பனுவல் காட்டும் உண்மை. இவற்றுள் ஒன்றை மற்றதற்காக அடக்கிவிடும் வாசிப்பு எதுவாயினும் எனக்கு ஐயத்தையே தருகிறது.

பிற்பகுதி முற்பகுதியைப் போல அமையவில்லை என்பது பரவலாகச் சொல்லப்படும் இன்னொரு முடிவு. நானும் அதனை ஏற்கிறேன். ஆயினும் இடம் காட்டாத வரையில் அதுவும் ஐதிகமே. வகுப்பில் இதற்காக ஓர் உழைப்பு மிகுந்த பயிற்சி செய்தோம்: ஒவ்வோர் இயலிலும் பேசுபவர் யார் என்பதை ஓரத்தில் குறித்துக்கொண்டே போவது. கதை சிறுகுளத்தை விட்டு அகல அகல, பலரும் ஒருவரை ஒருவர் இடைமறித்துப் பேசும் பேச்சு குறைகிறது. அதனிடத்தில் ஒருவர் சொல்ல மற்றவர் கேட்கும் பேச்சு வருகிறது. தொய்வு என்று நாம் உணர்வது அதனால்தான் என்பது என் கருத்து. வேதாந்தம் வந்ததால் நாவல் தொய்ந்தது என்று சொல்வது அவசரம். உரையாடல் உபதேசமாக மாறியதால் தொய்ந்தது என்று சொல்ல இடம் இருக்கிறது.

ரசனையும் அலசலும்

இந்நாவலைப் போற்றியவர்களுள் முக்கியமானவர் க.நா. சுப்ரமண்யம். ‘முதல் ஐந்து தமிழ் நாவல்கள்’ நூலில் அவர் இதற்கு இடமளித்தார். நல்லது எது என்பதைத் தேர்ந்த வாசகரின் ரசனை கொண்டு சுட்டிக்காட்டுவது அவர் முறை. 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய சி.சு. செல்லப்பா இம்முறை போதாது என்று கருதி, படைப்பைப் பகுதி பகுதியாக எடுத்துக் காட்டி நிறுவும் ‘அலசல்’ முறையை வற்புறுத்தினார். க.நா.சு.வின் தீர்ப்புகள் பல இன்றும் நிற்கின்றன. அவரது கண் கூர்மையானது. ஆனால் கூர்மையான கண்ணுடையவரின் தீர்ப்பு, அக்கண் இல்லாதவர் கையில் வெறும் பட்டியலாகிவிடுகிறது. வகுப்பறைக்குச் செல்லப்பாவின் பிடிவாதமே உதவும். தீர்ப்பை மாணவருக்குக் கைமாற்ற முடியும். பார்க்கும் பழக்கத்தை இடம் காட்டிக் காட்டித்தான் உண்டாக்க முடியும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று. இந்நாவலுக்குப் பதிப்புகள் பல. சந்தி பிரித்தவை, பிரிக்காதவை, கிரந்த எழுத்தை மாற்றியவை என வேறுபாடுகள் உள்ளன. மாணவர் கையில் இருப்பது பெரும்பாலும் மலிவுப் பதிப்பு அல்லது கைப்பேசியில் உள்ள மின்பதிப்பு. பக்க எண் கொண்டு இடம் சுட்டினால் வகுப்பில் குழப்பமே மிஞ்சும். இயலையும் நிகழ்ச்சியையும் பேசுபவரையும் சொல்லி இடம் சுட்டுவதே பயன்பட்டது. நுணுக்கமான சொல்லாய்வுக்கு வரும்போது மட்டும் ஒரே பதிப்பை அனைவரும் வைத்திருக்க வேண்டியிருந்தது.

இதைவிடப் பெரிய சிக்கல் வினாத்தாளில் இருக்கிறது. “வேதாந்த நாவல் என்பதை நிறுவுக” என்ற வடிவில் வினா அமையும்போது முடிவு முன்னமே தரப்பட்டுவிடுகிறது. மாணவர் செய்ய வேண்டியது அம்முடிவுக்கு ஆதரவு திரட்டுவது மட்டும். எதிர்ச்சான்று கண்டால் அதை மறைக்கத்தான் வினா அவரைத் தூண்டுகிறது. நாவலின் ஒரு பகுதியை வினாத்தாளிலேயே அச்சிட்டு, அதனைக் கொண்டு ஒரு கருத்தை ஏற்கவோ மறுக்கவோ செய்யும் வினா ஒன்றையேனும் ஒவ்வொரு தாளிலும் சேர்க்கலாம். திருத்துவோருக்கு வேலை கூடும் என்பது உண்மை. விடைக்குறிப்பில் இல்லாத ஒரு நல்ல விடைக்கு எப்படி மதிப்பெண் இடுவது என்ற தயக்கம் எனக்கும் வந்தது. பின்வரிசை மாணவரின் வாசிப்பு என் விடைக்குறிப்பில் இருந்திராது.

அவ்வகுப்பின் இறுதி வாரத்தில், வழிகாட்டி நூல்களைச் சொல்லி விடை தந்த மாணவி ஒரு கேள்வியுடன் வந்தார். தன்மீது சுமத்தப்பட்ட பழி இன்னது என்பது கமலாம்பாளுக்கு எப்போது, எந்த இயலில், யார் வாயிலாகத் தெரிய வருகிறது? கணவர் கேட்டதையும் நம்பியதையும் தேடிக் குறித்த நாங்கள் ஒருவரும் இதனைத் தேடியிருக்கவில்லை. நான் விடை சொல்லவில்லை. எல்லாரும் நூலைத் திறந்தோம். அடுத்த வகுப்பும் அந்தத் தேடலிலிருந்தே தொடங்கியது.